பேரூராட்சி மன்றத்தில் காலமும் தெருவிளக்கும்: ஒரு முன்னோடி ஆய்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத் தொடாமல் தமிழகத்தின் உள்ளாட்சி வரலாற்றை எழுதியவர் எவரும் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரிப்பது, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவது, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் அமர்த்துவது என எல்லாமே கல்லில் இருக்கிறது. அதே உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. அங்கே இன்றும் மன்றம் கூடுகிறது, அஜெண்டா வாசிக்கப்படுகிறது, டீ வருகிறது. பதினோரு நூற்றாண்டுக்கு முந்தைய கூட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்த ஆய்வுலகம், போன மாதக் கூட்டத்தின் மினிட் புத்தகத்தைத் திறந்து பார்க்க இன்னும் மனம் வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

களம் சிறியதன்று. 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. பேரூராட்சி வார்டுகள் மட்டும் 7,621. மாதம் ஒரு கூட்டம் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,880 கூட்டங்கள். உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு ஒரு வடை என்று மிகக் கஞ்சத்தனமாக மதிப்பிட்டாலும் ஆண்டுக்கு 91,452 வடைகள் ஆகின்றன. அலுவலர்களும் உள்ளூர் நிருபர்களும் ஜன்னலோரம் நிற்கும் கவுன்சிலர் கணவர்மார்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இவ்வளவு பெரிய பண்பாட்டு நிகழ்வுக்கு ஒரு கோட்பாடுகூட இல்லாதது வியப்பே.

கோட்பாட்டுக்குள் போகுமுன் ஒரு தேதியைக் குறிப்பிட வேண்டும். 2020 டிசம்பர் 10. அன்று புதுதில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், இந்திய மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். அதே நாளில் இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில், ஹேண்ட்ஃபோர்த் என்னும் சிற்றூரின் பாரிஷ் மன்றத்தில் திட்டக் குழு ஜூம் வழியாகக் கூடியது. கூட்டத்தை நடத்த வந்த ஜாக்கி வீவர் என்ற அம்மையாருக்கு அங்கே அதிகாரமே இல்லை என்று தலைவர் சத்தம் போட்டார். அம்மையார் ஒரு பொத்தானை அழுத்தித் தலைவரைக் காத்திருப்பு அறைக்கு அனுப்பிவைத்தார். 2021 பிப்ரவரியில் அந்தக் காணொளி உலகமெங்கும் ஓடியது. ஒரே நாளில் ஒருபக்கம் உள்ளாட்சியின் புகழுரை, மறுபக்கம் உள்ளாட்சியின் உண்மைக் காட்சி. நம் பேரூராட்சிகளில் காத்திருப்பு அறை கிடையாது. தலைவரை வெளியேற்றும் பொத்தானும் இல்லை. அதனால்தான் இங்கே உறுப்பினர்கள் தாங்களே எழுந்து வெளிநடப்பு செய்கிறார்கள். மேலைநாட்டு முறையையும் கீழைநாட்டு முறையையும் பிரிக்கும் அடிப்படை வேறுபாடு இது ஒன்றுதான். மற்றபடி குரலின் உயரம் இரண்டிடத்திலும் ஒன்றே.

இனி கூட்டத்தின் உடற்கூறு. காலை 11 மணி என்று அழைப்புக் கடிதத்தில் இருக்கும். 11 மணி என்பது நேரமன்று, ஒரு குறிக்கோள். தலைவர் வருகிறார், செயல் அலுவலர் வருகிறார், வருகைப் பதிவேடு சுற்றுக்கு விடப்படுகிறது. கையெழுத்துப் போட்டதுமே வெளிநடப்பு செய்யும் உறுப்பினரும் உண்டு. பதிவேட்டில் இருக்கிறார், அறையில் இல்லை, தீர்மானத்திலோ 'ஏகமனதாக' என்ற சொல்லுக்குள் இருக்கிறார். மூன்று நிலையிலும் ஒரே ஆள். இளநிலை உதவியாளர் அஜெண்டாவை வாசிக்கத் தொடங்குகிறார். வாசிப்பின் வேகம் பொருளுக்குப் பொருள் மாறும். கோடியில் ஏதாவது இருந்தால் குரல் விரையும். பூஜ்யங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அஜெண்டாவின் நடைதான் தனி இலக்கியம். ஒவ்வொரு பொருளும் ஒரு கோரிக்கையோடு முடியும்: 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது.' அதன் கீழேயே அலுவலகக் குறிப்பு இருக்கும்: 'மன்றம் அனுமதிக்கலாம்.' அதற்கும் கீழே தீர்மானம் எழுத இரண்டு விரற்கடை இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்ற சொல் மட்டுமே அடங்கும். 'இன்னும் விவரம் வேண்டும், அடுத்த கூட்டத்துக்கு வரைபடத்தோடு வரவும்' என்று எழுத நினைத்தால் தாள் போதாது. வினாத்தாளிலேயே விடையை அச்சிட்டுத் தரும் தேர்வு தமிழகத்தில் இது ஒன்றே என்று இவ்வாய்வாளர் கருதுகிறார். எனினும் இதில் ஒருவரும் முதல் வகுப்பில் தேறியதாக ஊரார் ஒப்புக்கொள்வதில்லை.

இத்துறையின் மூலவர் சி. நார்த்கோட் பார்க்கின்சன். ஆங்கிலேயர்தான், ஆனால் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1950-களில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். வேலை எப்போதும் தனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் என்ற அவருடைய விதி 1955-இல் லண்டன் எக்கனாமிஸ்ட் இதழில் வெளியானது. பின்னால் வந்த நூலில் அவர் ஒரு நிதிக் குழுவின் கூட்டத்தைக் கற்பனையாக விவரிக்கிறார். ஒரு கோடி பவுண்டு மதிப்புள்ள அணு உலை இரண்டரை நிமிடத்தில் அனுமதி பெறுகிறது. 350 பவுண்டில் எழுத்தர்களுக்கு சைக்கிள் கொட்டகை போடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆண்டுக்கு 21 பவுண்டு பிடிக்கும் காபிச் செலவுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரு பொருளுக்குச் செலவாகும் நேரம் அதன் தொகைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்பது அவர் முடிபு. காரணமும் சொன்னார்: அணு உலை யாருக்கும் புரியாது, சைக்கிள் கொட்டகை எல்லோருக்கும் புரியும்.

பார்க்கின்சன் கண்ட காட்சி சரி. சொன்ன காரணம்தான் நம் ஊருக்குப் பொருந்தவில்லை.

எந்தப் பேரூராட்சிக் கூட்டத்திலும் காதில் விழக்கூடிய உரையாடல் ஒன்றைத் தரவாகக் கொள்வோம். அதற்குச் சற்று முன்புதான் ஒரு கோடி ரூபாய் சாலைப்பணி தும்மல் போடும் நேரத்தில் நிறைவேறியிருக்கிறது.

"தலைவரே, பிள்ளையார் கோயில் தெருவுல நாலாவது கம்பம் மூணு மாசமா எரியல. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"போன வாரந்தானேம்மா மாத்துனாங்க?"

"மாத்துனாங்க. ரெண்டு நாள் எரிஞ்சுது. இப்ப கண்ணைச் சிமிட்டுது. டியூஷன் போற பொண்ணுங்க அந்தப் பக்கமா வர முடியல."

"அவங்க வார்டுல சிமிட்டவாவது செய்யுது. எங்க வார்டுல கம்பமே இல்ல. அதை யாரு கேக்குறது?"

"கம்பம் மின்வாரியத்தோடதுங்க. லைட்டு மட்டுந்தான் நம்மளது" என்று செயல் அலுவலர் மெல்லச் சொல்கிறார்.

"அப்ப இருட்டு யாரோடது?"

இதற்குப் பிறகு முக்கால் மணி நேரம். எந்த வார்டுக்கு எத்தனை எல்.இ.டி. பல்பு போனது, ஸ்டாக் ரிஜிஸ்தர் எங்கே, ஒயர்மேன் யார் சொன்னால் ஏணியை எடுக்கிறார், ஏணி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வெளிவரும். ஏணி விவகாரம் ஒன்றே தனி ஆய்வுக்கு உரியது. இங்கே விரிக்கப் பக்கமில்லை.

பார்க்கின்சன் இதைப் பார்த்திருந்தால் தன் விதி மெய்யானது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் நம் கவுன்சிலர்களுக்குச் சாலை புரியாத பொருளன்று. சிமென்ட் சாலையில் ஜல்லி எவ்வளவு, மணல் எவ்வளவு, எம்-சாண்டில் மண் கலந்தால் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று அவர்களில் பாதிப்பேர் பொறியாளருக்கே பாடம் எடுப்பார்கள். சிலர் தொழிலாலேயே கொத்தனார் மேஸ்திரிகள், சிலர் செங்கல் சூளைக்காரர்கள். தெரியாமல் அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. சொல்ல இடமில்லாமல் இருக்கிறார்கள்.

அந்தச் சாலை மன்றத்துக்கு வந்து சேர்ந்த பாதையைப் பார்த்தால் இது விளங்கும். எந்தத் திட்டத்தில் பணம் என்பது சென்னையில் முடிவாகிறது. நிதிக்குழு மானியமாக இருந்தால் நிபந்தனை தில்லியிலிருந்தே வரும்: 15-ஆவது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள நகர்ப்புற அமைப்புகளுக்கு ஒதுக்கியதில் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவு போன்றவற்றுக்கென்றே கட்டிப்போட்டுத் தந்தது. மதிப்பீட்டைப் பொறியாளர் தயாரிக்கிறார். அதில் ஒரு கன மீட்டர் காங்கிரீட் என்ன விலை என்பது அரசின் விலை விகித அட்டவணையில் அச்சாகி இருக்கிறது. நிர்வாக அனுமதி ஓரிடத்தில், தொழில்நுட்ப அனுமதி வேறிடத்தில். பிறகு 1998-ஆம் ஆண்டின் ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம் வருகிறது. இரண்டு கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. இத்தனையும் முடிந்து, எல்லா முத்திரையும் விழுந்து, கடைசியாக மன்றத்துக்கு வருகிறது. பெண் பார்த்து, நிச்சயம் செய்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிய பின் பெரியப்பாவைக் கூப்பிட்டு 'நீங்க என்ன சொல்றீங்க' என்று கேட்பது போன்ற ஏற்பாடு இது. பெரியப்பா பாயசத்தில் முந்திரி குறைவு என்று பிடித்துக்கொள்கிறார் என்றால், அவருக்கு மிச்சம் வைத்தது அது ஒன்றைத்தான்.

சட்டத்தின் மேல் இவ்வாய்வாளருக்குக் குறை எதுவும் இல்லை. அது வராத காலத்தில் டெண்டர் பெட்டி எந்த மரத்தடியில் வைக்கப்பட்டது என்பதே ராணுவ ரகசியம். குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற விதி, தலைவரின் மைத்துனருக்கே வேலை என்ற விதியைவிட நூறு மடங்கு நல்லது. (சதவீதக் கணக்கு இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. அதற்குத் தரவு ஏராளம், சாட்சிதான் கிடைப்பதில்லை.) ஆனால் ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்தபோது, திருடன் மட்டும் வெளியே நிற்கவில்லை, வீட்டுக்காரரும் வெளியே நிற்கிறார்.

சிறு கொள்முதல்களுக்கு விலைப்புள்ளி முறை இருக்கிறது. பிளீச்சிங் பவுடர், துடைப்பம், மண்வெட்டி, தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, பதிவேட்டுக்கு அட்டை என்று எதை வாங்கினாலும் கோப்பில் மூன்று கொட்டேஷன் இருக்கும். ஆய்வுநோக்கில் இவை மிகுந்த சுவையுடையவை. மூன்று கடையின் லெட்டர்பேடு, மூன்று முத்திரை. கூர்ந்து பார்த்தால் மூன்றிலும் 'பிளீச்சிங்' என்ற சொல்லில் ஒரே எழுத்துப் பிழை. இரண்டாவது கடை முதல் கடையைவிட ஐந்து ரூபாய் அதிகம், மூன்றாவது கடை பத்து ரூபாய் அதிகம். கணித ஒழுங்கு கொண்ட இத்தகைய சந்தையைப் பொருளியல் நூல்கள் போட்டிச் சந்தை என்று அழைக்கின்றன. உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு வருகிறவர்களும் இதை ரசிப்பார்கள். தடை எழுதுவது என்னவோ மன்றக் கூட்டத் தேநீருக்கு ரசீது இல்லை என்பதற்காக இருக்கும். பார்க்கின்சனின் காபி இங்கேயும் ஆறாமல் இருக்கிறது.

அடுத்து இவ்வாய்வின் இரண்டாவது கருதுகோள்: பேரூராட்சி மன்றத்தில் காலம் பின்னோக்கியும் நகரும்.

மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எரிந்துபோகிறது. கூட்டம் அடுத்த மாதம்தான். மன்ற அனுமதி இல்லாமல் பொது நிதியைத் தொடக்கூடாது. குடத்தோடு நிற்கும் பெண்கள் அடுத்த மாதம்வரை நிற்க மாட்டார்கள். மறுநாளே அலுவலக வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனவே செயல் அலுவலர் மோட்டாரை அன்றைக்கே ரீவைண்டிங்குக்கு அனுப்புகிறார். புதன் இரவு தண்ணீர் வருகிறது. அடுத்த மாத அஜெண்டாவில், 'அவசர அவசியம் கருதிச் செய்யப்பட்ட பணிக்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது' என்று ஒரு பொருள் வருகிறது. எரிந்த மோட்டார் ஓடி, ஊரார் குளித்து, துணி துவைத்து, மாதம் ஒன்று ஆன பின் அந்த மோட்டாரைச் சரிசெய்யலாமா என்று மன்றம் ஆலோசிக்கிறது. ஆலோசித்து, செய்யலாம் என்று ஏகமனதாக முடிவெடுக்கிறது. மறுத்தால் என்ன ஆகும் என்று இயற்பியலாளர்கள்தாம் சொல்ல வேண்டும். குளித்த தண்ணீரைத் திருப்பித் தர வழியில்லை.

பின்னேற்பு என்பது தவறான ஏற்பாடன்று. மோட்டார் மன்றத்தின் தேதியைப் பார்த்து எரிவதில்லை. ஆனால் அதற்கு ஒரு பரவும் குணம் உண்டு. முதலில் மோட்டார், பிறகு குழாய் உடைப்பு, பிறகு மழைக்கால முன்னெச்சரிக்கை, பிறகு அமைச்சர் வருகைக்குச் சுண்ணாம்புக் கோடு. மழைக்காலம் ஆண்டுதோறும் வருவது எல்லோரும் அறிந்ததே என்றாலும் அஜெண்டாவில் அது ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராமல் வருகிறது. அஜெண்டாவில் பாதிக்கு மேல் நடந்து முடிந்தவையாக இருக்கும்போது மன்றம் ஓர் ஆட்சிமன்றம் என்பதைவிட வரலாற்றுக் கழகமாக மாறிவிடுகிறது. வரலாற்றுக் கழகத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம், வெட்டுத் தீர்மானம் இருக்க முடியாது.

திட்டமிடல் பற்றித் தனி அத்தியாயம் எழுத எண்ணியிருந்தது. பொருள் கிடைக்காததால் ஒரு பத்தியோடு நிற்கிறது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் முதலாவதே நகரத் திட்டமிடல். ஆனால் பிரிவு 243 டபிள்யூ, மாநிலம் இவற்றை உள்ளாட்சிக்கு 'வழங்கலாம்' என்றுதான் சொல்கிறது. அந்த 'லாம்' பெரிய இடம் பிடித்துக்கொண்டது. ஊரின் எந்தப் பகுதி குடியிருப்பு, எது வணிகம், எது விளைநிலம் என்று வரைவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. ஏழாவதாக உள்ள தீயணைப்பு ஒரு மாநிலத் துறை. வீடு கட்ட அனுமதி தருவதாவது ஊரில் இருந்தது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர் சுயசான்று அளித்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெற்றுக்கொள்ளலாம். கட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி, அதை மறுப்பதற்கில்லை. பதினேழாவது பொறுப்பில் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவை வருகின்றன. அவை பேரூராட்சியிடம் பத்திரமாக இருக்கின்றன. முதலாவது போனது, பதினேழாவது நின்றது. கூட்டத்தில் பதினேழாவதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வருத்தப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வருத்தப்படலாம்.

எந்தக் கருதுகோளையும் சோதிக்க ஓர் ஒப்பீட்டுக் குழு வேண்டும். மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு சோதனையைத் தமிழகம் எந்த ஆய்வு நிதியும் கேட்காமல் தானே நடத்திக்காட்டியது. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் மன்றத்தின் அதிகாரத்தைப் பெற்றார்கள். பேரூராட்சிகளில் செயல் அலுவலரே தனி அலுவலர்.

இதன் விளைவு நிர்வாகவியலில் ஓர் அற்புதம். செயல் அலுவலர் என்ற முறையில் அவர் ஒரு பொருளைத் தயாரித்து மன்றத்தின் பார்வைக்கு வைக்கிறார். பிறகு மன்றம் என்ற முறையில் அதைப் பார்க்கிறார். 'மன்றம் அனுமதிக்கலாம்' என்று தமக்குத் தாமே குறிப்பெழுதிக்கொள்கிறார். சற்று யோசிக்கிறார். அனுமதிக்கிறார். முன்மொழிய வேண்டியதில்லை, வழிமொழிய வேண்டியதில்லை, வெளிநடப்புக்கு வாய்ப்பே இல்லை; தம்மிடமிருந்து தாமே வெளிநடப்பு செய்வதற்குச் சித்தர்கள் வழி சொல்லியிருக்கலாம், பேரூராட்சி விதிகளில் இல்லை. வடைச் செலவு மிச்சம்.

அந்த ஆண்டுகளில் சாலைகள் போடப்படாமல் நின்றனவா என்றால், இல்லை. திட்டம் வந்தது, மதிப்பீடு போட்டார்கள், டெண்டர் விட்டார்கள், குறைந்த விலைக்காரர் வேலையை முடித்துப் பில் வாங்கினார். கோடிக் கணக்கில் நடந்தவை மன்றம் இருந்தாலும் நடந்திருக்கும், இல்லாமலும் நடந்தன. நின்றது வேறொன்று. நாலாவது கம்பம் எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற விவரம் ஊரில் யாருக்கும் இல்லாமல் போயிற்று. முன்பு காலை ஆறு மணிக்குப் பால் வாங்க வரும் கவுன்சிலரை வழிமறிக்கலாம். டீக்கடையில் நாலு பேர் முன்னிலையில் மானத்தை வாங்கலாம். அடுத்த தேர்தலை நினைவுபடுத்தலாம். தனி அலுவலர் பால் வாங்குவது வேறு ஊரில்.

ஆகவே பார்க்கின்சனின் விதியைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு இவ்வாறு திருத்தலாம்: ஒரு பொருளுக்கு மன்றத்தில் செலவாகும் நேரம், அப்பொருளில் மன்றத்துக்கு எஞ்சியிருக்கும் உண்மையான அதிகாரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். கோடி ரூபாய்ச் சாலையில் அது பூஜ்யம். அதனால் தும்மல் நேரம். பல்பில் முழு அதிகாரம். அதனால் முக்கால் மணி. மன்றத்தினர் அறிவில்லாமல் அற்ப விஷயம் பேசுகிறார்கள் என்பது நகரத்து நாளிதழ் வாசகரின் மயக்கம். வார்டில் அவர்களால் ஆகக்கூடியதைத்தான் அவர்கள் பேசுகிறார்கள்.

இதற்கு வரலாற்று ஆதரவும் உண்டு. 1882-இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்த ரிப்பன் பிரபு, உள்ளாட்சி வந்தால் நிர்வாகம் உடனே மேம்பட்டுவிடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. மக்களுக்கு அது ஓர் அரசியல் கல்வி என்பதையே முதன்மையாகச் சொன்னார். சென்னையில் அவர் பெயரில் வெள்ளை மாளிகை எழுந்தது 1913-இல். அரசியல் கல்விக்குப் பாடநூல் இன்னும் வரவில்லை. அதுவரை தெருவிளக்கையே பாடமாக வைத்து நடத்துகிறார்கள். இன்றைய மாணவர்களில் பாதிப்பேர் பெண்கள், ஏனெனில் நகர்ப்புற உள்ளாட்சியில் பாதி இடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஜன்னலோரம் நின்று சைகை காட்டும் கணவர்மார்கள் சில ஊர்களில் இன்னும் இருந்தாலும், தண்ணீரும் விளக்கும் பேச்சுக்கு வரும்போது சைகை எடுபடுவதில்லை. குடம் தூக்கியவருக்குத்தான் குழாயின் கணக்குத் தெரியும்.

இந்தக் கல்விக்கு உதவித்தொகையும் உண்டு. 2023 ஜூலை முதல் பேரூராட்சித் தலைவருக்கு மாதம் 10,000 ரூபாய், துணைத் தலைவருக்கு 5,000, உறுப்பினருக்கு 2,500 மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தது. உறுப்பினரின் தொகையை நாள் கணக்கில் பார்த்தால் எண்பத்து மூன்று ரூபாய் சொச்சம். வார்டில் நடக்கும் காதுகுத்து, புதுமனை புகுவிழா, துக்க வீட்டு மாலை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்குக் காணும் என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் இவ்வாய்வு தன் கடனைத் தீர்க்க வேண்டும். நிலம் உள்ளவர், வேதம் கற்றவர், 35 வயதுக்கு மேல் 70-க்குள் உள்ளவர், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திராதவர் என்றெல்லாம் கட்டுப்பாடு வைத்த சபை அது. அந்த ஊரின் உழவருக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. அதைப் பொற்காலம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அதே கல்லில் இன்னொரு விதியும் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. உறவுமுறையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே எழுதி வைத்தார்கள். இந்த ஒரு விதியை மட்டும் பெயர்த்தெடுத்து இன்றைய சட்டத்தில் சேர்த்தால் எத்தனை வார்டில் வேட்பாளர் மிஞ்சுவார் என்று கணக்கிடும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை.

பரிந்துரை என்று எதுவும் இல்லாமல் ஆய்வை முடிக்கக் கூடாது என்பது மரபு. எனவே ஒன்றே ஒன்று. பேரூராட்சிக் கூட்டத்தில் பார்வையாளராகப் போய் உட்காரலாம். பெரும்பாலான ஊர்களில் பின்வரிசை நாற்காலிகள் காலியாகவே இருக்கின்றன. போகிறவர்கள் காலை 11 மணி என்றால் 11 மணிக்கே போக வேண்டாம். அஜெண்டாவின் ஒரு படியைக் கேட்டு வாங்கி, பின்னேற்புக்கு வந்திருக்கும் பொருள்களைப் பேனாவால் சுழித்துக்கொள்ளுங்கள். தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் அந்தக் கம்பத்தின் எண்ணையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். எண் இல்லாத புகாரை ஒயர்மேன் தேடிக்கொண்டு வர மாட்டார்.